ஆள்காட்டி முதல் மரங்கொத்தி வரை

மதுரை கோரிப்பாளையத்திலிருந்து மேலூர்ச் சாலையில் வடகிழக்காகப் போனால் ஒத்தக்கடையில் யானைமலை. அதைத் தாண்டினால் நரசிங்கம்பட்டியில் பெருமாள்மலை. அங்கிருந்து உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகள். மேலூரையும் கடந்து திருப்பத்தூர்ச் சாலையில் போனால் கீழவளவு. முதல் மூன்று இடங்களிலும் குன்றுகள் நிற்கின்றன. கீழவளவுப் பக்கம் குன்று இருந்த பல இடங்களில் இப்போது குழி இருக்கிறது. செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர், அதன் அடியில் பச்சை பாரித்த ஆழமான தண்ணீர், கரையில் விலைபோகாத கிரானைட் கற்களைக் கொட்டிய மேடு, மேட்டின் இடுக்கெல்லாம் சீமைக்கருவேல். நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குள், தொடப்படாத பாறை, தோண்டப்பட்ட பாறை இரண்டையும் பார்த்துவிடலாம்.

2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி சுற்றுவட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. டிசம்பர் 9ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர் வட்டார விவசாயிகள் நரசிங்கம்பட்டியில் புறப்பட்டு, கோரிப்பாளையத்தை அடுத்த தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சுரங்கம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் கூடவே ஒரு சமாதானமும் எழும். தோண்டி முடித்ததும் மண்ணைப் போட்டு மூடி மரம் நட்டுவிடலாம்; பச்சை வந்துவிட்டால் பறவை தானாக வந்துவிடும் என்பது அந்தச் சமாதானம். இதை வெறும் பேச்சென்று தள்ளிவிட முடியாது. உலகின் பல மூலைகளில் பாழான சுரங்க நிலத்துக்குப் பறவைகள் திரும்பியிருக்கின்றன. எந்தப் பறவை, எத்தனை ஆண்டு கழித்து, எதை நம்பி வந்தது, வந்த பிறகு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததா என்று கேட்கும்போதுதான் அந்தச் சமாதானத்தில் எவ்வளவு உண்மை என்பது புலப்படும்.

தமிழ்நாட்டில் இதைக் கேட்க ஏற்ற இடம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கருமையான பொருள் ஒன்று வெளிவந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிச்சத்தைக் கண்டது. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பூமி அது. நிலக்கரியோ ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். பெரிய சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ஜெர்மானிய இயந்திரங்கள் அந்த மண்ணை வெட்ட, பெல்ட்டுகள் அதைச் சுமந்துபோய், ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டுகின்றன. பள்ளம் நிரம்பி மேடாகிறது. அந்த மேட்டில்தான் மரம் நட வேண்டும்.

இங்கே நடந்திருப்பது ஒரு தலைகீழ் மாற்றம். பல அடி ஆழத்தில் வெயிலே படாமல் கிடந்த மணலும் களியும் மேலே வந்துவிட்டன. காலங்காலமாக இலை விழுந்து, மட்கி, வேரோடி, மண்புழு உழுது உருவான மேல்மண், தனியாக எடுத்து வைக்கப்படாவிட்டால், எங்கோ அடியில் புதைந்துபோகிறது. அந்த ஒரு சாண் மேல்மண்ணில்தான் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் விதைகள் இருக்கின்றன. வேரோடு ஒட்டி வாழ்ந்து, மரத்துக்கு மணிச்சத்தையும் நீரையும் ஊட்டும் பூஞ்சைகள் இருக்கின்றன. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. இவை எதுவும் இல்லாத மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் காடு வராது. அதனால்தான் சுரங்க நிலத்தில் கன்று நடும்போது தொழுவுரம், நுண்ணுயிர் உரம், வேர்ப்பூஞ்சை எல்லாம் சேர்க்கிறார்கள். விவசாயிகள் வாங்கும் ரைசோபியம் பொட்டலத்தில் அந்த பாக்டீரியாவைச் சுமக்கும் கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடிதான். நிலத்தைப் புரட்டி எடுத்த பொருளே, பொடியாகி, நிலத்துக்கு உயிர் சேர்க்கவும் உதவுகிறது.

நெய்வேலியில் பல பத்தாண்டுகளாக இப்படி நட்டு வந்திருக்கிறார்கள். மேடுகளில் முந்திரி, சவுக்கு, தைலமரம், வேம்பு எனப் பலவும் வளர்ந்து நிற்கின்றன. பள்ளங்களில் தேங்கிய நீர் ஏரியாகி நீர்ப்பறவைகளை ஈர்க்கிறது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூலையில் இதே சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. ஒருபுறம் மரம் வளரும் நிலமும் மறுபுறம் பயிர் அழியும் நிலமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவது சரியல்ல.

சரி, மண் கொட்டிய மேட்டுக்கு யார் முதலில் வருகிறார்கள்?

தமிழகச் சமவெளியில் வெற்று நிலத்தின் முதல் குடியேறிகள், மரம் வேண்டாத பறவைகள். ஆள்காட்டி சரளைக்கற்களுக்கு நடுவே கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டைகளை இடும். அதற்குக் கூடுகூடத் தேவையில்லை; கொஞ்சம் குழிந்த தரை போதும். நெட்டைக்காலியும் வானம்பாடியும் புல் முளைக்கத் தொடங்கியதும் வந்து சேரும். பகலில் பக்கி தரையில் படுத்திருக்கும். மண் சரிவு செங்குத்தாகவும் மென்மையாகவும் இருந்தால் பஞ்சுருட்டான் துளை போட்டு உள்ளே குடும்பம் நடத்தும். இவை வந்ததைப் பார்த்து நிலம் மீண்டுவிட்டது என்று மகிழ்வது அவசரம். இவை திறந்த நிலத்தின் பறவைகள். நிலம் இன்னும் வெறுமையாக இருக்கிறது என்பதற்கே இவை சாட்சி.

புல் மூடி, ஆவாரையும் விராலியும் இலந்தையும் தலைகாட்டினால் ஆட்கள் மாறுவார்கள். கதிர்க்குருவி, சில்லை, கவுதாரி, காடை. புதர் மார்பளவு உயர்ந்தால் தவிட்டுக்குருவிக் கூட்டம் கீழே சருகைக் கிளறிக்கொண்டு சலசலக்கும். மரம் கிளை பரப்பியதும் சின்னான், மைனா, கரிச்சான், தேன்சிட்டு, மாங்குயில். இந்தக் கட்டத்தில் ஆள்காட்டியும் வானம்பாடியும் ஒதுங்கிப் போயிருக்கும். பறவைகள் திரும்புவது என்பது ஒரே கூட்டம் மெல்லமெல்லப் பெருகுவதன்று. ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வருவது. ஐந்தாம் ஆண்டில் எடுத்த பட்டியலையும் இருபதாம் ஆண்டில் எடுத்த பட்டியலையும் அருகருகே வைத்தால், மொத்த எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் பெயர்கள் வேறாக இருக்கும். எத்தனை இனம் என்ற ஒற்றை எண் நம்மை எளிதில் ஏமாற்றிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பறவைக்கு மரத்தில் எது முக்கியம் என்பதை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது. 1961இல் ராபர்ட் மெக்ஆர்தர், ஜான் மெக்ஆர்தர் இருவரும் அமெரிக்காவின் இலையுதிர் காடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விலகிப் போக, எவ்வளவு தூரத்தில் பலகையின் பாதியை இலைகள் மறைக்கின்றன என்று வெவ்வேறு உயரங்களில் அளந்தார்கள். தரையோடு ஒட்டிய பச்சை, நடுத்தரப் புதர், மேற்கவிகை என்று இலைகள் எத்தனை அடுக்கில் பரவியிருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. ஒரு காட்டில் எத்தனை வகைப் பறவைகள் இருக்கும் என்பதை மரவகைகளின் எண்ணிக்கையைவிட இந்த இலையடுக்கே நன்றாகச் சொல்லிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லா நிலத்துக்கும் இது அப்படியே பொருந்தாது என்று காட்டின. புல்வெளிக்கும் முட்காட்டுக்கும் வேறு கணக்குகள் உண்டு. ஆனாலும் மரம் நடுகிறவர்கள் சுவரில் எழுதிவைக்க வேண்டிய முடிவு அது.

ஒரே நாளில், ஒரே இடைவெளியில், ஒரே வகைக் கன்றை வரிசையாக நட்டால் ஒரே உயரத்தில் ஒரே அடுக்குதான் வரும். கீழே சருகும் நிழலும் தவிர வேறொன்றும் இராது. தைலமரம் பூக்கும்போது தேனுக்காகச் சில பறவைகள் வரும்; பூ முடிந்ததும் போய்விடும். பல இடங்களில் அரசும் நிறுவனங்களும் வெளியிடும் கணக்கில் இத்தனை லட்சம் கன்று என்றுதான் இருக்கிறது. எத்தனை அடுக்கு என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கணக்கு மாறாதவரை தோட்டம் கிடைக்கும், காடு கிடைக்காது.

பறவை விருந்தாளியாக மட்டும் வருவதில்லை, வேலையாளாகவும் வருகிறது. மத்திய ஃபுளோரிடாவில் பாஸ்பேட் வெட்டியெடுத்த நிலத்தில் மெக்லனஹன், உல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை 1993இல் வெளியானது. திறந்தவெளியில் பறவை உட்கார வெறும் கம்பங்களை நட்டு வைத்தார்கள். கம்பத்தின் அடியில் விழுந்த, பறவை எச்சம் கொண்டுவந்த விதைகள், கம்பம் இல்லாத இடத்தைவிட ஏறக்குறைய 150 மடங்கு. மரம்கூட வேண்டியிருக்கவில்லை; உட்கார ஓர் இடம் போதுமாயிருந்தது. விழுந்த விதைகளில் மிகச் சிலவே முளைத்துப் பிழைத்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. விதை வந்து சேர்வது ஒரு கட்டம், மண் அதை ஏற்றுக்கொள்வது அடுத்த கட்டம்.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவை சின்னானும் மைனாவும் குயிலும் காகமும் குக்குறுவானும். வேப்பம்பழம், நாவற்பழம், ஆலம்பழம், இச்சிப்பழம் எல்லாம் இவற்றின் வயிற்றில் ஏறி வேறிடத்தில் இறங்குகின்றன. வேப்பங்கொட்டை சேமிப்பில் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கிவிடும். பறவையோ பறித்த சூட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. ஆலும் இச்சியும் மனிதன் கடப்பாரை போட முடியாத பாறை வெடிப்பில் வேர்விடுவதும் இப்படித்தான். மேலூர்ப் பக்கத்துக் கல்மேடுகளில் மண்ணே கிடையாது. அங்கே குழி தோண்டிக் கன்று நடுவதைவிட, நாலு காய்ந்த கிளைகளை நட்டு வைத்துச் சின்னானுக்கு இடம் கொடுப்பது பலன் தரலாம். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பறவைக்கு நல்ல செடி, கெட்ட செடி என்ற பேதமில்லை. உண்ணிச்செடியின் பழத்தையும் அது அதே ஆசையோடு தின்று அதே இடத்தில் போடும். வருவதைப் பார்த்துக் களையெடுக்க ஆள் வேண்டும்.

சீமைக்கருவேலின் கதை வேறு. அதன் நெற்றை ஆடும் மாடும் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. ஆகவே புதிதாக நட்ட நிலத்தில் முதல் சில ஆண்டுகள் ஆடு புகாமல் காப்பது கன்றைக் காப்பதற்காக மட்டுமன்று. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைகளும் காட்டுயிர்களும் மேயும்படி புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. தொடக்க ஆண்டுகளில் புல்லை அறுத்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் போட்டால் அந்த உத்தரவும் நிறைவேறும், கருவேலும் பரவாது.

தோண்டிய பாறையில் காடு வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கென்யாவின் பம்புரி ஓர் உதாரணம். மொம்பாசா அருகே சிமெண்டுக்காகப் பவளச் சுண்ணாம்புப் பாறையை வெட்டியெடுத்த பள்ளம் அது. உப்புநீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மண்ணே இல்லாத வெள்ளைப் பாலை. 1971இல் வேளாண் வல்லுநர் ரெனே ஹாலர் அங்கே 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே மூன்று பிழைத்தன. அதில் முதன்மையானது நம் கடற்கரையில் எல்லாரும் அறிந்த சவுக்கு. அதன் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர் தழைச்சத்தைக் கொடுத்தது, மரம் வளர்ந்தது. ஆனால் உதிர்ந்த ஊசியிலைகள் மட்காமல் மெத்தையாகக் குவிந்தன. பக்கத்துக் காட்டில் மரவட்டைகள் சவுக்கு இலையைத் தின்பதைப் பார்த்து, அவற்றைப் பிடித்துவந்து விட்டார் ஹாலர். மரவட்டை தின்று கழித்தது மண்ணாயிற்று. மண் வந்ததும் வேறு மரங்கள், பூச்சிகள், அவற்றைத் தேடிப் பறவைகள். மரம் நட்டதோடு அவர் நின்றிருந்தால் அது சவுக்குத் தோப்பாகவே முடிந்திருக்கும். மரவட்டைக்கு இருந்த இடம் நம் வனத்திட்ட அறிக்கைகளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

இந்தியாவில் குருகிராமின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இன்னொரு நல்ல பாடம். கல்லுடைத்து ஓய்ந்த குன்றுகளில் 2010 வாக்கில் வேலை தொடங்கியது. கண்ணுக்குக் குளிர்ச்சியான அலங்கார மரங்களை விட்டுவிட்டு, ஆரவல்லிக்கே உரிய மரங்களின் விதைகளைத் தேடி எடுத்து நாற்றங்கால் போட்டார்கள். அங்கும் படர்ந்திருந்த சீமைக்கருவேலை ஒரேயடியாக வெட்டாமல், மாற்று மரம் வளர வளரப் படிப்படியாக நீக்கினார்கள். இந்தப் பொறுமை முக்கியம். கருவேல் முழுவதையும் ஒரே கோடையில் பொக்லைன் விட்டுப் பிடுங்கினால், அதில் கூடு வைத்திருக்கும் கொக்குகளும் தவிட்டுக்குருவிகளும் அந்த ஆண்டே நடுத்தெருவில் நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மரம் நடுவதற்கு ஆதரவான வாதம். இனி மறுபக்கம். நெய்வேலிக்கு இயந்திரம் கொடுத்த ஜெர்மனியிலேயே, கிழக்கில் லவுசிட்ஸ் என்ற பகுதி முழுக்கப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். சுரங்கங்கள் பல மூடப்பட்ட பிறகு சில இடங்களில் எதையும் நடாமல் மணலை அப்படியே விட்டார்கள். அந்த வெற்று மணல்வெளிக்கு வந்த முக்கியமான பறவைகளில் ஒன்று கொண்டலாத்தி. நம் வீட்டுப் பின்புறத்தில் நீண்ட அலகால் தரையைக் குத்திக்கொண்டிருக்கும் அதே பறவை அங்கே அரிதாகிவிட்டது. எல்லா நிலத்தையும் உழுது, உரமிட்டு, மூடிவிட்ட நாட்டில் அதற்குத் தேவையான வறண்ட திறந்த தரை பாழ்நிலத்தில்தான் மிச்சமிருந்தது. மரத்தால் மூடுவதே மீட்பு என்ற எண்ணத்தை இது அசைக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள வறண்ட மேட்டுநிலத்துக்கும் இது பொருந்தும். ஆவாரையும் சங்கஞ்செடியும் அங்கங்கே கிடக்கும் பொட்டலைப் பயனற்ற நிலம் என்று எழுதி வைத்திருக்கிறோம். கல்குருவிக்கும் வானம்பாடிக்கும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்கும் அதுவே வீடு.

ஆஸ்திரேலியா இன்னும் கடினமான உண்மையைச் சொல்கிறது. அந்நாட்டின் தென்மேற்கில் ஜாரா மரக்காடுகளுக்கு அடியில் பாக்சைட் இருக்கிறது. 1960களிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். மேல்மண்ணைப் பத்திரமாக எடுத்து, கூடியவரை உடனே அடுத்த குழியில் பரப்பி, உள்ளூர் விதை தூவி, மீட்பை ஓர் அறிவியலாகவே வளர்த்தார்கள். கார்னபி என்ற கறுப்புக் காக்கட்டூ கிளிகள் பத்தாண்டுக்குள்ளாகவே அந்த இளங்காட்டில் இரை தேடி வந்தன. ஆனால் அவை முட்டையிட மரப்பொந்து வேண்டும். அவ்வளவு பெரிய பறவைக்குப் போதுமான பொந்து விழ மரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆக வேண்டும். சாப்பாடு பத்தாண்டில் வந்துவிட்டது, வீடு வரவில்லை.

நம் மரங்களிலும் இதே கதைதான். மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்டுப்போன, மென்மையான கிளையைக் கொத்தித் துளை போடும். அவை கைவிட்ட துளையில் மைனா, குண்டுகரிச்சான், கிளி, புள்ளி ஆந்தை ஆகியவை குடியேறும். தோப்பில் ஒரு பட்ட மரம் நின்றால் விறகென்று வெட்டிவிடுகிறோம். அதோடு அத்தனை குடும்பத்துக்கும் கதவு சாத்தப்படுகிறது. நட்ட நிலத்தில் மரங்கொத்தி கூடு வைத்தது என்றால் அங்கே வயதான மரம், பட்ட கிளை, அதற்குள் புழு, எறும்பு எல்லாம் வந்துவிட்டன என்று அர்த்தம். ஒரு பறவையின் பெயரைச் சொல்லி நிலத்தின் உடல்நிலையைக் கேட்க வேண்டுமானால் நான் மரங்கொத்தியைத்தான் கேட்பேன். மயிலைக் கேட்க மாட்டேன். மயில் எங்கும் வரும்.

மேலூர்க் கல்குழிகளுக்கு வருவோம். கிரானைட் முறைகேடுகள் 2012இல் வெளிவந்த பிறகு இங்கே குவாரிகள் நின்றன. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. அந்த வழக்குகள் ஒருபுறம் இருக்க, குழிகள் தண்ணீர் நிரம்பி அப்படியே கிடக்கின்றன. நெய்வேலியைப் போல இவற்றை நிரப்ப மண் கிடையாது; பாறையே விற்றுப்போயிற்று. ஆக இங்கே மீட்பு என்பது வேறு வடிவம் எடுக்க வேண்டும்.

குழியின் தண்ணீர் ஆழமானது, விளிம்பு செங்குத்தானது. நீர்க்காகம் மூழ்கி மீன் பிடிக்கும். மீன்கொத்தி சுவரிலிருந்து பாயும். கணுக்காலளவுத் தண்ணீரில் நடந்து இரை தேடும் நாரைக்கும் உள்ளானுக்கும் அங்கே நிற்க இடமில்லை. ஒரு பக்கச் சுவரை உடைத்து, கரையில் கிடக்கும் கழிவுக் கற்களையே கொட்டிச் சரிவு அமைத்து, மேலே கண்மாய் வண்டலைப் பரப்பினால் கோரையும் நாணலும் பிடிக்கும். தவறி விழும் ஆடு மாடும் மனிதரும் கரையேறவும் அது வழியாகும். எதிர்ச் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தச் சுவரின் திட்டுகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடும். பாறைத் தகைவிலான் மண்கிண்ணம் ஒட்டும். கைவிட்ட கல்குழிகளைக் கொம்பன் ஆந்தை ஏற்றுக்கொள்வது தக்காணத்தில் நன்கு பதிவான செய்தி. புதுச்சேரி வட்டாரத்தில் எரிக் ராமானுஜம் இந்த ஆந்தையின் இரையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வயல் எலிகளைப் பெருமளவில் தின்னும் பறவை அது. குழியை ஒட்டி உசிலை, வெப்பாலை, வெள்வேல், நுணா, இலந்தை, சூரை, கிளுவை என்று இந்த மண்ணின் முட்காட்டையே, உயரம் கலந்து, ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டும். மதுரையில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் விழுகிறது. ஆனியில் விழா எடுத்து நட்ட கன்று ஆவணி வெயிலில் கருகுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

இவ்வளவும் செய்தாலும் திரும்பாதவை உண்டு. மேலூர்க் குன்று வெறும் பாறையல்ல. அதன் முதுகில் விழும் மழை வழிந்து கண்மாய்க்குப் போகிறது. இடுக்கில் சுனையாகத் தங்குகிறது. நிழல் விழும் பக்கத்தில் ஒரு செடிக்கூட்டம், வெயில் விழும் பக்கத்தில் வேறொன்று. அரிட்டாபட்டியில் 72 நீர்நிலைகளும் 200 சுனைகளும் இருப்பது அந்த ஏழு குன்றுகளால்தான். அங்கே ஏறக்குறைய 250 பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிக் கழுகு மூன்றும் ஒரே வட்டாரத்தில் பறக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு உயரமான பாறைத் திட்டில் முட்டையிட்டு, கீழே கண்மாயிலும் வயலிலும் வேட்டையாடும். பாறை, நீர், வயல் மூன்றும் ஒரே பார்வையில் இருந்தால்தான் அது பிழைக்கும். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தப் பாறையை எந்த நாற்றங்காலும் வளர்த்துத் தராது.

ஆகவே கெட்டுப்போன நிலத்தை மீட்பதற்கு மரம் நடுவோம். அதற்கு இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாமே ஆதாரம். ஆனால் மீட்டுவிட முடியும் என்பதைக் காட்டிப் புதிதாக ஒரு குன்றைக் கேட்பதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிப் பதிவேற்றினால் போதும். கண்மாய்களுக்குப் போகும் கண்கள் கைவிட்ட கல்குழிகளுக்கும் போகட்டும். என்ன பறவை என்று மட்டும் எழுதாமல், வாயில் இரையோடு பறந்ததா, கூட்டில் குஞ்சு இருந்ததா என்றும் எழுதுங்கள். ஒரே குழியை ஆண்டுக்கு ஒருமுறை, பத்தாண்டு பார்த்த பட்டியல் ஒன்று இருந்தால், அடுத்த தலைமுறை எங்கே எதை நடுவது என்று தடுமாறாது. குழியின் விளிம்பை மட்டும் நெருங்க வேண்டாம்; மழைக்காலம் முடிந்த கையோடு அங்கே கற்கள் நழுவும்.